பூச்சியம்

செவ்வாய் காலை தண்டர் பேயில் மைனஸ் முப்பத்துநாலு.
தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏறி நின்ற லாரி
எடை காட்டியது, சீட்டு வாங்கியது,
இறங்கிப் போனது.
அடுத்த லாரிக்குத் தடுப்புக்கம்பு எழவில்லை.

பின்னால் பதினொரு லாரிகள், எஞ்சினை அணைக்கப் பயந்து,
ரெய்னி ரிவர் ஓட்ஸ் அத்தனையும் சாலையில்.

எய்னோ கங்காஸ் எனக்கு எழுதியது இரண்டு வரி.
‘புதுக் கர்னல் போட்டோம், கம்பு எழவில்லை.
பழையதைப் போட்டோம், எழுகிறது.’
கோபம் இல்லை. வணக்கமும் இல்லை.

கர்னல் என்றதும் அம்மாவுக்குப் பட்டாளம்தான் ஞாபகம் வரும்.
என்னுடையது கணினியின் அடியில் கிடப்பது.
ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்பதில்
இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆறு வாரம் முன்பு, அதே மாகாணத்தில்,
ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கனாட்டாவில்,
சமையலறை மேசையில் இருந்து நான் செய்தது இவ்வளவு:
வடத்தின் மறுமுனை பேச்சை நிறுத்தினால்
கர்னல் ‘பூச்சியம்’ என்று சொல்லிவந்தது,
எல்லாம் நல்லபடி முடிந்ததுபோல.
அது பொய். பிழையென்றால் பிழை என்று சொல்லவேண்டும்,
கையேடும் அப்படித்தான் சொல்கிறது.
நான்கு வரியில் திருத்தினேன்.
அன்றிரவு நல்ல நித்திரை.

மூலநிரல் இருக்கிறதா என்று எய்னோவைக் கேட்டேன்.
எழுதியவர் டக் மெர்சியர், இரண்டாயிரத்து நாலில்.
அவர் இப்போது மண்ணுக்குள்.
அவருடைய கணினி அவருக்கு முன்பே போய்விட்டது.
மிச்சம் நாற்பது கிலோபைட் இயந்திரமொழி.

பிரித்துப் பிரித்து வாசித்தேன், இரவு ஒன்றரை வரை.
மேடை காலியானால் அந்தத் தராசு மௌனமாகிவிடும்.
மௌனமானால் பூச்சியம் வரும்.
பூச்சியம் வந்தால், லாரி இறங்கிவிட்டது, கம்பைத் தூக்கு.
மெர்சியர் கையேட்டைத் திறந்தே பார்க்கவில்லை.
கர்னலிடமே கேட்டிருக்கிறார்.
அது சொன்னதை நம்பியிருக்கிறார்.

உள்ளே நாங்கள் எதையும் விட்டுவைப்பதில்லை.
போன மாதம் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றி
முந்நூறு இடத்தில் தையல் போட்டோம், ஒருவரும் அழவில்லை.
நேற்றிருந்த அறை இன்றைக்கு இருக்காது.
வாசலில் மட்டும்,
நிரல் வந்து ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்கும் அந்த இடத்தில் மட்டும்,
அதே எண்ணுக்கு அதே பதில்.
செத்துப்போன அழைப்பின் எண்ணைக்கூட
இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை.

இதெல்லாம் தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும்.
எவரும் கொடுக்காத வாக்கும்
இதற்குள் அடங்கும் என்பதுதான் உறைக்கவில்லை.
யாரோ ஒருவர் வந்து சாய்ந்து நின்றுவிட்டார்;
அன்றிலிருந்து அது தூண்.

என் கடவுச்சீட்டில் நான் சுகிர்தா பரமலிங்.
தொண்ணூற்றிரண்டில் மொன்றியலில் இறங்கியபோது
படிவத்தில் பத்துக் கட்டம்.
அப்பாவின் பெயருக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு வேண்டும்.
கடைசி இரண்டும் வெளியே நின்றன.
அதை வைத்து வங்கி, அதை வைத்து வரி,
வீட்டுப் பத்திரம், மகளின் பிறப்புச் சான்றிதழ்.
அவளுடைய ஹாக்கிச் சட்டையின் முதுகில் பரமலிங்,
தோளிலிருந்து தோளுக்கு.
ஒருநாள் கேட்டேன், பெயரைத் திருத்துவமா?
‘எதைத் திருத்த?’ என்றாள்,
சப்பாத்து நாடாவைக் கட்டியபடி.

புதன் இரவு என் நான்கு வரியையும் திரும்ப எடுத்தேன்.
அந்த இடத்தில் ஒரு குறிப்பு வைத்தேன்:
இது பிழை. வெளியே ஒருவர்
இதை நம்பித்தான் லாரி அனுப்புகிறார்.
கை வைக்கவேண்டாம்.
கீழே ஒப்பம், வழக்கம்போலப் பத்தெழுத்தில்.

வியாழன் மத்தியானம் எய்னோவிடமிருந்து ஒரு சொல்:
எழுகிறது.

கையேடு இன்னும் பழையபடியே இருக்கிறது.
அதைத்தான் திருத்தவேண்டும்.